திரும்பியோர் என்னும் சொல்

பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்துசேர்ந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. ஜெர்மனியில் கழித்த பயிற்சிக்காலத்தைப் பற்றி எழுதுமாறு ஆய்வு மாணவர்கள் பலர் உட்பெட்டியில் கேட்டிருந்தனர். எப்படி விண்ணப்பிப்பது, செலவு கட்டுபடியாகுமா, ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டுமா என்பனவே பெரும்பாலான கேள்விகள். அவற்றுக்குச் சுருக்கமாக விடை கூறிவிட்டு, நான் எழுத விரும்பும் செய்திக்கு வருகிறேன்.

விண்ணப்பத்தில் முக்கியமானது ஒன்றே. அங்குள்ள எந்தத் தொகுப்பை, எந்தக் கேள்விக்காகப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை ஒரு பத்தியில் தெளிவாகச் சொல்லுங்கள். ‘சமாதானக் கல்வியில் ஆழ்ந்த ஆர்வம் உண்டு’ என்று எழுதுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். மொழியைப் பொறுத்தவரை, சக ஆய்வாளர்களுடன் பேச ஆங்கிலம் போதும். பாடநூலைப் படிக்க அது போதாது. இங்கிருந்தபோதே ஓராண்டு மாலை வகுப்புக்குச் சென்றது எனக்கு உதவியது. சமையலறை உள்ள அறை கிடைத்தால் செலவு பாதியாகக் குறையும். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் துருக்கியர் கடைகளில் கிடைக்கின்றன. குளிரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மே மாதம் சென்று ஜூலை இறுதியில் திரும்பினேன். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது.

நான் சென்ற இடம் கேயோர்க் எக்கர்ட் நிறுவனம். பள்ளிப் பாடநூல்களை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். கேயோர்க் எக்கர்ட் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1951-இல் பிரவுன்ஷ்வைக் ஆசிரியர் கல்லூரியில் இதனைத் தொடங்கினார். நேற்றுவரை ஒருவரையொருவர் கொன்ற நாடுகள் தத்தம் பிள்ளைகளுக்கு மற்றவரைப் பற்றி என்ன கற்பிக்கின்றன என்பதை இருதரப்பு ஆசிரியர்களும் ஒரே மேசையில் அமர்ந்து வாசித்துப் பார்ப்பதுதான் அவரது திட்டம். அன்று நிறுவனத்தின் பெயரில் ‘பாடநூல் மேம்பாடு’ என்ற தொடர் இருந்தது. 1974-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு மாநிலச் சட்டத்தின்வழி தனி நிறுவனமாக்கப்பட்டபோது ‘மேம்பாடு’ போய் ‘ஆராய்ச்சி’ வந்தது. யாருடைய நூலை யார் மேம்படுத்துவது என்ற சங்கடம் அப்போதே யாருக்கேனும் தோன்றியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். 1985-இல் யுனெஸ்கோவின் சமாதானக் கல்விப் பரிசு இந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. அவ்வாண்டு அப்பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஓர் இந்தியர்: ஐ.நா. அமைதிப்படைப் பணிகளில் நெடுங்காலம் ஈடுபட்ட ஜெனரல் இந்தர்ஜித் ரிக்கி. நம் கல்வியியல் துறைகளில் இந்தப் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அதன் நூலகத்தில் 150-க்கும் மேற்பட்ட நாடுகளின் பாடநூல்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் உள்ளன. நம் வீடுகளில் ஆண்டிறுதியில் எடைக்குப் போடப்படும் பொருள் அங்கே எண்ணிடப்பட்டு அடுக்கப்பட்டிருக்கிறது. ஓரங்களில் ஏதோவொரு நாட்டு மாணவன் பேனாவால் மீசை வரைந்த மன்னர்களும் உண்டு.

சமாதானக் கல்வி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எடுக்கப்படும் உறுதிமொழியும் வெள்ளைப் புறா ஒட்டிய சுவரொட்டியும்தான். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் சமாதானத்துக்கான கல்வி பற்றித் தனியாக ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே, 2001-இல், கிருஷ்ண குமார் இந்திய, பாகிஸ்தான் பாடநூல்களில் விடுதலைப் போராட்டம் எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதை ஒப்பிட்டு நூல் எழுதியிருந்தார். ஒரே நிகழ்வுகளை இரு நாடுகளும் எந்த இடத்தில் தொடங்குகின்றன, எங்கே முடிக்கின்றன, எதைத் தாவிச் செல்கின்றன என்று அவர் காட்டியதுதான் என்னை இத்துறைக்குள் இழுத்தது. இவையெல்லாம் ஒரு பொதுவான நம்பிக்கையில் நிற்கின்றன: பகைமூட்டும் சொற்களைக் கண்டுபிடித்து நீக்கினால் நூல் நல்லதாகும்.

அந்த நம்பிக்கையைத்தான் நான் அங்கே எடுத்துச் சென்றேன். எனக்கு ஒதுக்கப்பட்ட பணி எளிது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மக்கள் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்க்கப்பட்டதைப் பல நாட்டுப் பாடநூல்கள் எந்தச் சொற்களால் குறிக்கின்றன என்று பட்டியலிட வேண்டும். இத்துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் முறைப்படி ஒவ்வொரு பத்திக்கும் ஒரு குறியீடு: பகைமை, நடுநிலை, பரிவு. காலையில் நூல்களை வண்டியில் வைத்துத் தருவார்கள். மாலைக்குள் பத்துப் பதினைந்து அதிகாரங்கள் முடியும். சலிப்பான வேலைதான். ஆய்வு என்பது பெரும்பாலும் சலிப்பான வேலை என்பதை முதலாண்டு மாணவர்களுக்கு யாராவது சொல்லிவிடுவது நல்லது.

முதலில் ஜெர்மானியச் சொற்கள். 1945-க்குப் பின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வெளியேறிய, வெளியேற்றப்பட்ட ஜெர்மானியர் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். போட்ஸ்டாம் மாநாட்டின் ஆவணத்தில் இதற்கு ‘இடமாற்றம்’ என்று பெயர். அது ஒழுங்காகவும் மனிதாபிமானத்துடனும் நடக்க வேண்டும் என்ற விருப்பமும் அதில் உண்டு. மேற்கு ஜெர்மனி இதனை ‘ஃபெர்ட்ரைபுங்’, அதாவது துரத்தியடிப்பு, என்றது. துரத்தப்பட்டோருக்கென ஓர் அமைச்சகமும் (1949 முதல் 1969 வரை) 1953-இல் ஒரு சட்டமும் இருந்தன. அதே மக்கள் கிழக்கு ஜெர்மனியில் ‘உம்சீட்லர்’, குடிமாறியோர். துரத்தியது யார் என்ற கேள்வி சோவியத் நட்புக்கு உகந்ததல்லவே. எல்லைக் கோட்டின் ஒரு பக்கத்தில் துரத்தப்பட்டவள், மறுபக்கத்தில் வெறுமனே வீடு மாறியவள்.

1970 டிசம்பரில் வில்லி பிராண்ட் வார்சாவில் மண்டியிட்டார். 1972-இல் யுனெஸ்கோவின் ஆதரவில் ஜெர்மனி-போலந்து பாடநூல் ஆணையம் தொடங்கியது. 1976-இல் அதன் பரிந்துரைகள் வெளிவந்தன. இத்துறை மாணவர்கள் அனைவரும் வேதம்போல் படிக்கும் ஆவணம் அது. அதில் ‘துரத்தியடிப்பு’ இல்லை. ‘மக்கள்தொகைப் பெயர்ச்சி’ என்பதுபோன்ற, கணிதப் பாடத்துக்கே பொருந்தக்கூடிய ஒரு தொடரில் இருதரப்பும் உடன்பட்டன. போலந்தைப் பங்குபோட்ட ஹிட்லர்-ஸ்டாலின் இரகசிய உடன்பாடு அதில் இடம்பெறவில்லை. காட்டின் படுகொலையும் இல்லை. மேற்கு ஜெர்மனியில் துரத்தப்பட்டோர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஆனால் அந்த வெளிறிய சொல் இல்லாவிட்டால் மேசையே இருந்திருக்காது என்பதும் உண்மை. அந்த மேசையிலிருந்துதான், 2016 முதல் 2020 வரை, இரு நாடுகளுக்கும் பொதுவான நான்கு தொகுதி வரலாற்றுப் பாடநூல் வந்தது. நாற்பதாண்டு உழைப்பு அது. எளிதில் கேலி செய்யத்தக்கதன்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மானியரின் துயரத்தைத் தனியே எடுத்து எடைபோட இயலாது. அதற்குமுன் ஆறாண்டுகளில் ஏறத்தாழ 60 லட்சம் போலந்துக் குடிமக்கள் கொல்லப்பட்டிருந்தனர். அவர்களுள் பாதிப்பேர் யூதர். அந்த வரிசையை மாற்றிச் சொல்லும் எந்தப் பாடநூலும் பொய்யான பாடநூல். நான் ஒப்பிடுவது துயரங்களை அன்று. அவற்றுக்கு இடப்பட்ட பெயர்களை மட்டுமே.

என்னுடன் பயிற்சிக்கு வந்திருந்தவர்களுள் ஒருவர் போலந்து மாணவி, விரோட்ஸ்வாஃப் நகரத்தவர். ஒருநாள் மதிய உணவின்போது போலந்து நூல்களில் நான் எதைக் குறித்திருக்கிறேன் என்று கேட்டார். ஜெர்மானியர் போன இடத்துக்கு வந்து குடியேறியவர்களைப் பற்றிய பகுதி எல்லாம் ‘நடுநிலை’ என்று குறித்திருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். “எங்கள் கொள்ளுப்பாட்டி லிவூவ் பக்கத்துக் கிராமத்தவள். 1945-இல் சரக்கு வண்டியில் ஏற்றி மேற்கே கொண்டுவந்தார்கள். அவள் பிறந்த ஊர் சோவியத் உக்ரைனுக்குப் போய்விட்டது. ஜெர்மானியர் விட்டுச்சென்ற வீட்டில், அவர்களுடைய தட்டிலேயே சாப்பிட்டாள். அவளுக்கு அரசு வைத்த பெயர் என்ன தெரியுமா? ரெபாட்ரியான்ட்கா” என்றார்.

தாயகம் திரும்பியவள்.

போலந்து அரசு இதற்கென ஓர் அலுவலகமே வைத்திருந்தது. அதன் பெயர் அரசுத் தாயகம் திரும்புவோர் அலுவலகம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கிலிருந்து கொண்டுவரப்பட்டனர். அவர்கள் குடியேற்றப்பட்ட ஜெர்மானிய நிலங்களுக்கு ‘மீட்கப்பட்ட நிலங்கள்’ என்று பெயர். அவற்றுக்கும் தனி அமைச்சகம். மீட்கப்பட்ட நிலத்துக்குத் திரும்பி வந்தவர்கள் என்றால் எவருக்கும் எதுவும் பறிபோகவில்லை என்றாகிறது. பகைமை சிறிதும் இல்லாத, அழகான, சமாதானமான சொற்கள். இன்று போலந்து வரலாற்றாய்வாளர் பலர் அச்சொல்லை மேற்கோள்குறிக்குள் இட்டே எழுதுகின்றனர்.

அந்த மதியம் நான் நூலகத்துக்குத் திரும்பவில்லை. ஓக்கர் ஆற்றங்கரையில் வெகுநேரம் நடந்துவிட்டு அம்மாச்சிக்குத் தொலைபேசினேன்.

என் குடும்பம் கூடலூர் பக்கத்தில், அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறது. அம்மாச்சி பிறந்தது இலங்கையில், மஸ்கெலியா அருகே ஒரு தோட்டத்தில். அவளுடைய தாயும் அங்கேதான் பிறந்தாள். 1973-இல் அம்மாச்சி, தாத்தா, ஆறு வயதுச் சிறுமியான என் அம்மா, கைக்குழந்தையான மாமா ஆகிய நால்வரும் மலையிலிருந்து இரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம், மண்டபம் முகாமில் சில வாரங்கள், பிறகு நீலகிரி என்று வந்துசேர்ந்தனர். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் உள்ள எல்லாத் தாள்களிலும் அவர்களுக்கு ஒரே பெயர்தான்: தாயகம் திரும்பியோர். நான் பள்ளியில் சேர்ந்ததும் உதவித்தொகைக்கு மனு எழுதியதும் அந்தப் பெயரில்தான். ஊரில் எங்களைச் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். அரசுத் தாள்களில் நாங்கள் தாயகம் திரும்பியோர். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க எனக்கு இருபத்தெட்டு வயதும் பிரவுன்ஷ்வைக் நூலகமும் தேவைப்பட்டன.

போலந்து மாணவியின் கொள்ளுப்பாட்டியைப் பற்றிச் சொன்னேன். அம்மாச்சிக்குப் போலந்து எங்கிருக்கிறது என்பதில் அக்கறையில்லை. “அங்கயும் கோச்சியில ஏத்தித்தான் அனுப்புனாங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலைமன்னாருக்கு வந்த இரயிலை அவள் எப்போதும் ‘அழுகக் கோச்சி’ என்றுதான் சொல்வாள். பிறகு சொன்னாள்:

“திரும்பி வந்தோம்னு எழுதியிருக்கான். திரும்பணும்னா மொதல்ல போயிருக்கணும்ல? நான் எங்க சாமி போனேன்? அங்கயே பொறந்தேன், அங்கயே வளந்தேன், அங்கயே கொழுந்து பறிச்சேன். எங்க அக்காளுக்கு அந்த நாடு, எனக்கு இந்த நாடுன்னு பிரிச்சுவிட்டாங்க. அதுக்குப் பேரு திரும்புறதா?”

பிரிச்சுவிட்டது. எண்பது வயது மூதாட்டி சொன்ன இச்சொல், ஆவணங்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு துல்லியமானது என்பதைத் தெரியாதோருக்காகச் சற்று விரிவாக எழுத வேண்டும்.

சுதந்திர இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. பதினைந்தாண்டுகளில் முடிக்க வேண்டும். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்ற விகிதத்தில். அந்த 1,50,000 பேரையும் 1974-இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தொண்டமான் உள்ளிட்ட மலையகத் தலைவர்களிடம் ஒப்புதல் பெறாமலே முதல் உடன்பாடு முடிந்தது. இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை அளவுக்கு மக்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்பது, ‘தாயகம்’ எது என்று அவர்கள் கருதினார்கள் என்பதற்கு ஒரு சான்று.

இதில் எங்கே பகைமை இருக்கிறது? எங்கும் இல்லை. இரு அண்டை நாடுகள் போரின்றி, மிரட்டலின்றி, பேச்சுவார்த்தையால் ஒரு நீண்டநாள் சிக்கலைத் தீர்த்துக்கொண்டன. சமாதானக் கல்வியின் அளவுகோலால் அளந்தால் 1964 உடன்பாடு பாராட்டப்பட வேண்டிய ஆவணம். நாம் தேடுவது பகைச்சொற்களை. ‘எதிரி’, ‘துரோகி’, ‘ஊடுருவியவர்’ போன்றவற்றை. அவை இல்லாத பத்தி நம் அட்டவணையில் ‘நடுநிலை’ என்று தேறிவிடுகிறது. ஆனால் இரு அரசுகள் சமாதானமாகப் போவதற்காகவே உருவாக்கிய சொல் ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கையை மூடிமறைக்கும்போது அதற்கு அந்த அட்டவணையில் கட்டம் இல்லை. ‘மக்கள்தொகைப் பெயர்ச்சி’, ‘குடிமாறியோர்’, ‘ரெபாட்ரியான்ட்கா’, ‘தாயகம் திரும்பியோர்’: நான்கும் தேறிவிட்டன. பயிற்சிக்கால அறிக்கையில் இவ்வகைச் சொற்களுக்கெனத் தனியாக ஒரு குறியீடு வேண்டும் என்று முன்மொழிந்தேன். அதற்குப் பொருத்தமான பெயர் இன்னும் அமையவில்லை. ‘உடன்பாட்டுச் சொல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன்.

அந்நூலகத்தில் இந்தியப் பாடநூல்களும் உண்டு. 2007-இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு அரசியல் பாடநூலை அங்கே மறுபடி படித்தேன். முதல் அதிகாரம் அதிகாரப் பகிர்வு. பெல்ஜியத்தையும் இலங்கையையும் ஒப்பிடுவது. நான் மாணவப் பருவத்தில் விரும்பிப் படித்த நூல் அது. இன்றும் நல்ல நூல் என்றே சொல்வேன். இலங்கைத் தமிழர் இருவகையினர் என்று அது தெளிவாகச் சொல்கிறது. தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழிவந்தோர் ‘இந்தியத் தமிழர்’ என்று ஒரு வாக்கியத்தில் அறிமுகமாகிறார்கள். பிறகு நாடு 1948-இல் விடுதலை பெறுகிறது; பெரும்பான்மைவாதத்தின் எடுத்துக்காட்டாக 1956-இன் மொழிச் சட்டம் வருகிறது. இடையில் உள்ள குடியுரிமைச் சட்டம் அங்கில்லை. ஒரு வாக்கியத்தில் வந்த மக்கள் அந்த அதிகாரத்தில் மீண்டும் வருவதில்லை. சிங்களப் பெரும்பான்மைவாதத்தைக் கண்டிக்க அதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது; ஆயினும் அதைச் சொன்னால் 1964-ஐயும் சொல்ல நேரும், 1964-இல் இந்தியாவின் கையெழுத்தும் இருக்கிறது. இதுதான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. விடுபட்டிருக்கிறது என்பதை மட்டும் நிறுவ முடியும்.

மூத்த ஆய்வாளர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு பாடநூல் ஆணையம் வேண்டும் என்பது என் வாதம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேசையில் எத்தனை நாற்காலிகள் போடுவீர்கள்?” என்றார். இரு நாடுகளின் ஆணையம் என்றால் இரு பக்கங்கள். தில்லி ஒரு பக்கம், கொழும்பு ஒரு பக்கம். பிரித்துக்கொண்ட இருவரே மீண்டும் அமர்ந்து, பிரிக்கப்பட்டவர்களை எந்தச் சொல்லால் அழைப்பது என்று முடிவு செய்வார்கள். 1976-இல் ஜெர்மானியத் துரத்தப்பட்டோருக்கு மேசையில் இடமில்லை என்றாலும் வாக்குரிமையும் சங்கங்களும் செய்தித்தாள்களும் இருந்தன; கூச்சலிட முடிந்தது. கிழக்கிலிருந்து வந்த போலந்து மக்களுக்கு அதுவும் இல்லை. 1964-இல் மலையகத் தமிழருக்கு வாக்கே இல்லை.

அங்கே நான் படித்தவற்றுள் இதற்கு ஓரளவு விடைபோலத் தோன்றியது இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் பாலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வானும் ஆசிரியர்களைக் கொண்டு உருவாக்கிய பாடநூல். ஒரு பக்கத்தில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, எதிர்ப்பக்கத்தில் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு, நடுவில் வெற்றிடம். மாணவர் தாமே எழுதுவதற்கு. பொதுச்சொல்லுக்காக எவரும் தம் சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரு தரப்புக் கல்வி அமைச்சகங்களும் அதனைப் பாடநூலாக ஏற்கவில்லை என்பதை அதன் நேர்மைக்கு ஒரு சான்றாகவே கொள்ளலாம். அதே வடிவில் 1964 உடன்பாட்டுக்கு ஒரு மாதிரிப் பாடம் தயாரித்தேன். இடப்பக்கம் இலங்கை நாடாளுமன்றத்தின் சொற்கள், வலப்பக்கம் இந்திய நாடாளுமன்றத்தின் சொற்கள், நடுவில் அம்மாச்சியின் சொற்கள். கருத்தரங்கில் ஒரு மாணவர் உடனே கேட்டார்: “அப்படியானால் மாணவர் எங்கே எழுதுவார்?” பக்கத்தை அகலமாக்க வேண்டியதுதான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அச்சக நடைமுறையில் அது உண்மையிலேயே சிக்கலான கேள்வி. நான்கு பத்திகள் கொண்ட பக்கத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை படிக்க மாட்டாள்.

ஓர் இடைச்செய்தி. நான் தங்கியிருந்த பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடியுரிமை வரலாற்றில் விசித்திரமான ஓரிடம் உண்டு. 1925-இல் ஆஸ்திரியக் குடியுரிமையைத் துறந்தபின் ஹிட்லர் ஏழாண்டுகள் நாடற்றவராகவே இருந்தார். அதிபர் தேர்தலில் நிற்கக் குடியுரிமை தேவைப்பட்டது. 1932 பிப்ரவரியில் பிரவுன்ஷ்வைக் மாநில அரசு அவருக்கு ஓர் அரசுப் பதவியை அளித்தது. பதவியோடு குடியுரிமையும் தானாக வந்தது. ஒரே ஒரு நியமனத் தாள். எங்கள் தகரப்பெட்டியில் இருக்கும் தாள்களை எண்ணிப் பார்த்தேன்.

திரும்புவதற்கு முந்தைய வாரம் அந்தப் போலந்து மாணவியுடன் விரோட்ஸ்வாஃப் சென்றிருந்தேன். 1945 வரை அது பிரெஸ்லாவ். அதன் மக்கள் ஏறத்தாழ முழுமையாக மாற்றப்பட்டனர். லிவூவின் புகழ்பெற்ற ஓசோலினியம் நூலகத்தில் ஒரு பகுதியும் மக்களைப் பின்தொடர்ந்து அங்கே வந்திருக்கிறது. அவர் என்னை முதலில் அழைத்துச் சென்றது ரத்ஸ்வாவிட்சே பெருஓவியத்துக்கு. 1794-இல் போலந்து விவசாயிகள் உருசியப் படையை வென்ற காட்சியை நூறு மீட்டருக்கும் நீளமான துணியில், பார்ப்பவரைச் சுற்றி வட்டமாக வரைந்திருக்கிறார்கள். லிவூவில் இருந்த அதனை 1946-இல் விரோட்ஸ்வாஃபுக்குக் கொண்டுவந்தனர். ஆனால் உருசியர் தோற்கும் படத்தைச் சோவியத் நட்புக் காலத்தில் எப்படிக் காட்டுவது? சுருட்டியே வைத்திருந்தார்கள். 1985-இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. ஓவியமும் ‘தாயகம் திரும்பியது’தான், ஆனால் நாற்பதாண்டுகள் வாய் திறக்க அனுமதியில்லை. மாணவியின் கொள்ளுப்பாட்டி அது திறக்கப்பட்ட ஆண்டே வரிசையில் நின்று பார்த்தாளாம். வீட்டுக்கு வந்து, பழைய இடத்தில் வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது என்றாளாம்.

இப்போது நிகழ்காலம். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதும் அவ்வியலில் ‘ரிபாட்ரியேட்’ என்ற சொல்லை என்ன செய்வது என்பதில் என் நெறியாளருக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. சட்டப்பூர்வச் சொல்லை ஆய்வாளர் மாற்றக்கூடாது, மேற்கோள்குறி இட்டால் போதும் என்கிறார் அவர். ஒவ்வொரு முறையும் மேற்கோள்குறி இட்டால் நானூறு பக்கங்களில் அது கண்ணில் படாத பழக்கமாகிவிடும் என்கிறேன் நான். ‘பிரித்துவிடப்பட்டோர்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் பாகப்பிரிவினையும் தேசப்பிரிவினையும் ஒன்றாகக் குழம்புகின்றன. தமிழில்தான் அச்சொல் தன் முழு எடையுடன் நிற்கிறது. ‘மலையகத் தமிழர்’ என்ற பெயர் அங்கே இருப்போரைச் சுட்டுகிறது. அங்கிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியிலும் வால்பாறையிலும் வாழ்பவர்கள் தம்மை அப்பெயரால் அழைத்துக்கொள்ளலாமா என்று கூடலூரில் கேட்டபோது மூன்று வீடுகளில் மூன்று விடைகள் கிடைத்தன.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970-இல் தொடங்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பிருந்து, 1965 முதல் 1985 வரை தமிழகப் பள்ளிகளில் வழங்கிய வரலாறு, சமூகவியல், குடிமையியல் பாடநூல்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். குறிப்பாக எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை. இலங்கையில் அதே காலத்தில் தமிழ்வழியில் அச்சான நூல்களும் தேவை. பழைய ஆசிரியர்களின் பரண்களில், ஊர்ப்புற நூலகங்களின் கழிவுக் கட்டுகளில் இவை இருக்கக்கூடும். அட்டை இல்லாவிட்டாலும், நடுப்பக்கங்கள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. படி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் எழுபதுகளில் பணியாற்றிய ஆசிரியர்கள் எவரையேனும் அறிந்தவர்கள் உட்பெட்டிக்கு வாருங்கள். டிசம்பர் விடுமுறையில் அங்கேதான் இருப்பேன்.